93 டிகிரிதானே, விட்டால் என்ன?

டெக்சாஸுக்கு வந்து இது உங்கள் முதல் கோடை. நான்கு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு பெண். 92, 93 டிகிரி (இங்கே எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்கு) காட்டும் நாட்களில் டேகேரில் பிள்ளைகளை வெளியே விடுவதே இல்லை. வீட்டிலோ பையன் சோபாவிலிருந்து சோபாவுக்குத் தாவிக்கொண்டிருக்கிறான். "இதைவிடக் கொடிய வெயிலில் பகல் முழுக்க ஆடியவர்கள் நாம், இவர்கள் ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள்?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார். எத்தனை டிகிரி வரை விடலாம், ஒரு எண் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

சொல்கிறேன். ஆனால் முதலில் அந்த 93-ஐ விட்டுவிடுங்கள். அது நிழலில் அளந்த காற்றின் சூடு மட்டும்தான். நம் தோலின் சூடு ஏறக்குறைய 95 டிகிரி. காற்று அதைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும்வரை உடம்பு தன் சூட்டைக் காற்றில் இறக்கிவிடும். காற்றும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை காய்வதுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டும், காயாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

அதனால் போனில் வானிலையைத் திறந்ததும் கண்ணில் படும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். 'ஃபீல்ஸ் லைக்' என்று சின்னதாக இன்னொன்று இருக்கும். காற்றின் சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. டேகேரில் ஹீட் இண்டெக்ஸ் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். 90 டிகிரி சூட்டில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஹீட் இண்டெக்ஸ் 91. அதே 90 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் ஆனால் 105-ஐ எட்டிவிடும். ஈரக் காற்றுள்ள ஹூஸ்டனில் இருப்பவருக்கும் வறண்ட ஃபீனிக்ஸில் இருப்பவருக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். அந்தக் கணக்குக்கூட நிழலுக்குப் போட்டது. நேர் வெயிலில் நின்றால் 15 டிகிரி வரை கூடலாம் என்று இங்குள்ள தேசிய வானிலைச் சேவையே சொல்கிறது. புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் மரமே இருக்காது, நட்ட கன்றுகள் ஆள் உயரத்துக்குக்கூட வந்திருக்காது. அப்படிப்பட்ட பார்க் என்றால் போனில் காட்டுவதோடு பத்தைக் கூட்டித்தான் நான் கணக்குப் போடுவேன்.

இப்போது டேகேர் விஷயம். அவர்களாக எதையும் கண்டுபிடித்துச் செய்யவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து குழந்தைக் காப்பகங்களுக்கென்று தரநிலைகள் வைத்திருக்கிறார்கள். ஹீட் இண்டெக்ஸ் 90-ஐத் தொட்டால் உடல்நலத்துக்கு ஆபத்தான வானிலை என்று அதில் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்ட ஓர் அட்டவணையைப் பல டேகேர்களில் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அடுத்த முறை பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பத்துப் பிள்ளைகளை ஒருவர் மேய்க்கும் இடத்துக்கு 90 சரியான கோடு. பத்து முகங்களையும் ஒரே நேரத்தில் கவனிக்க யாராலும் முடியாது. உங்கள் பிள்ளையின் பக்கத்திலேயே நீங்கள் நிற்கும்போது கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஃபீல்ஸ் லைக் 90-க்குக் கீழே என்றால் தொப்பி, தண்ணீரோடு தாராளமாக விடுங்கள். 90-இலிருந்து 100 வரை நிழலில் மட்டும், இருபது நிமிடம் ஆட்டம், பிறகு உட்கார வைத்துத் தண்ணீர். முடிந்தால் தண்ணீரிலேயே விளையாட்டு. 100-ஐத் தாண்டினால் நான் விடமாட்டேன். வானிலைச் சேவையின் அட்டவணையில் 103-இலிருந்து 'ஆபத்து' என்றே போட்டிருக்கும், அதைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. சின்னவளுக்கு இந்தக் கோடுகளை எல்லாம் இன்னும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். அவளுக்குத் தாகம் என்று சொல்லவும் தெரியாது, தானாக நிழலுக்கு வரவும் தெரியாது.

புதிதாக வருகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது எண்ணில் இல்லை, நேரத்தில்தான். மத்தியானம் வேண்டாம், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டிப்போகலாம் என்று நமக்குக் கை தானாகவே செருப்பைத் தேடும். ஆறரைக்கெல்லாம் இருட்டும் பூமியில் பழகிய உடம்பு அது. இங்கே ஜூன் கடைசியில் டாலஸில் சூரியன் மறைய எட்டரை தாண்டிவிடும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் ஒன்றரைக்கு. தரையும் காற்றும் சூடேற அதன்பிறகும் சில மணி நேரம் ஆகும் என்பதால் நாளின் உச்சச் சூடு நான்கிலிருந்து ஆறு மணிக்குள்தான் வரும். நாம் சாயங்காலம் என்று நினைத்துக் கிளம்பும் ஐந்து மணி, இங்கே நட்ட நடு வெயில். அலுவலகத்திலிருந்து வந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு நேராகப் பார்க்குக்குப் போகும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பார்க் காலியாக இருப்பதைப் பார்த்து, ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று சந்தோஷப்படுவார்கள். காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை, இல்லையென்றால் இரவு எட்டுக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் இவ்வளவுதான் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும், இருந்தாலும் மொத்தக் கணக்கில் அதுதான் இதமான நேரம். போனில் மணிவாரியாகப் பார்க்கும் வசதி உண்டு. முந்தைய இரவே ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டால் மறுநாள் திட்டம் தெளிவாகிவிடும். இரவு எட்டுக்கு விளையாடினால் தூக்கம் கெடாதா என்று கேட்பீர்கள். கெடும்தான். கோடை விடுமுறையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புற ஊதாக் கதிரின் கணக்கு வேறு. அது சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் அதிகம். காற்று இதமாக இருந்தாலும் சுடும். அந்தக் கதிரின் அளவைக் காட்டும் யூவி இண்டெக்ஸ் 3-ஐத் தொட்டால் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன். நம் நிறத்துக்கு அதெல்லாம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பார்க்குக்குப் போனதும் பிள்ளையை இறக்கிவிடுவதற்கு முன்னால் சறுக்குமரத்தை உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பத்து நொடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு சறுக்குமரம் கிடையாது. இரும்பு மட்டும்தான் சுடும் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் சறுக்குமரம், ஊஞ்சலின் கறுப்பு ரப்பர் இருக்கை, கீழே மெத்தென்று போட்டிருக்கும் ரப்பர் தரை, செயற்கைப் புல், எல்லாமே தோலைப் பொசுக்கும் அளவுக்குக் காயும். மிதமான நாளில்கூட, நேர் வெயில் பட்டால் போதும். நகரும் நிழலையும் நம்பாதீர்கள்; இப்போது நிழலில் இருக்கும் படிக்கட்டு அரை மணி முன்பு வெயிலில் இருந்திருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தீக்காயம் அதிகம். தோலும் மெல்லியது, சுட்டவுடன் கையை எடுக்கவும் தெரியாமல் அதே இடத்தில் நின்று அழுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடும் பழக்கம் உங்கள் பையனுக்கு இருந்தால் பின்னால் வார் வைத்ததாக வாங்கிப் போடுங்கள். ஸ்ட்ரோலருக்கு மேல் துப்பட்டாவைப் போட்டு மூடுவதும் வேண்டாம். நிழல் கிடைக்கிறதோ இல்லையோ, உள்ளே காற்று நின்றுவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. வெயிலுக்கு உடம்பு பழகும். பத்திலிருந்து பதினான்கு நாள் சிறிது சிறிதாகச் சூட்டில் இருந்தால் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், இதயத்தின் வேலை இலகுவாகும். ஆனால் சம்பாதித்த இந்தப் பழக்கம் நாலைந்து வாரத்தில் போய்விடும். ஏசி வீடு, ஏசி கார், ஏசி அலுவலகம் என்று இருந்தால் நாம் எந்த வெயிலில் வளர்ந்தோம் என்பதை உடம்பு நினைவில் வைத்திருக்காது. உங்கள் பையனுக்கோ பழகிய கதையே கிடையாது. பொழுதெல்லாம் 74 டிகிரி அறையில் இருக்கிறான். அதனால்தான் ஆகஸ்டைவிட மே மாதத்தில் முதன்முதலாக அடிக்கும் 95-க்கு நான் அதிகம் பயப்படுவேன். இதையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வரைபடம் உண்டு. தேசிய வானிலைச் சேவையும் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இணைந்து 2024-இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்த ஹீட்ரிஸ்க். அந்த ஊருக்கு, அந்தப் பருவத்துக்கு அந்தச் சூடு எவ்வளவு வழக்கத்துக்கு மாறானது என்பதையும், இரவில் ஆறுகிறதா என்பதையும் கணக்கில் எடுத்துப் பச்சையிலிருந்து மெஜந்தா வரை நிறம் போட்டுக் காட்டும். சிவப்பு, மெஜந்தா என்றால் பேச்சே இல்லை, வீட்டுக்குள்தான்.

பிள்ளைகளின் உடம்புக்குச் சூட்டைச் சமாளிக்கவே தெரியாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இல் அதைத் திருத்திச் சொன்னது. போதுமான தண்ணீரும் ஓய்வும் இருந்தால் ஓடியாடும் வயதுப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு அவ்வளவாகக் குறைந்தவர்கள் இல்லை. அந்தத் தண்ணீரும் ஓய்வும்தான் அவர்களாக எடுத்துக்கொள்ளாதவை. விளையாட்டில் இருக்கும் நான்கு வயதுக்காரனிடம் தாகமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். கேட்காதீர்கள், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையில் கொடுத்து நான்கு வாய் குடிக்கச் சொல்லுங்கள்.

எப்போது நிறுத்துவது? இங்கே கிடைக்கும் துண்டுப் பிரசுரங்களில் முகம் சிவந்தால் என்று எழுதியிருக்கும். மாநிறப் பிள்ளைக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நான் நடத்தையைத்தான் பார்ப்பேன். துறுதுறுவென்று இருந்தவன் திடீரென்று சுணங்குவது, சின்ன விஷயத்துக்கு அழுவது, தலை வலிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்பது, காலில் தசை பிடித்துக்கொள்வது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. உள்ளே கூட்டிவந்து சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர் கொடுங்கள். சின்னவளுக்கு ஆறு மணி நேரமாக டயபர் நனையவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறான், கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை, மயங்குகிறான், வலிப்பு வருகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு 104 டிகிரியைத் தொட்டிருக்கும். தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நெற்றியில் வைத்துப் பார்ப்பது அப்போது சரியாகவும் காட்டாது. உடனே அவசர உதவிக்கு 911. ஆம்புலன்ஸ் பில்லை நினைத்துத் தயங்குவது நம் ஆட்களிடம் உண்டு. இதில் கூடவே கூடாது. அவர்கள் வரும்வரை குளிர்ந்த நீரில் இறக்கலாம், குழாயைப் பிடித்து மேலெல்லாம் ஊற்றலாம், எது கையில் இருக்கிறதோ அது. நினைவில்லாத பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. வியர்த்துக்கொண்டிருக்கிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஓடியாடி வரும்போது வியர்வையோடே வரும். டைலனால் (நம் ஊர் பாரசிட்டமால்) கொடுப்பதிலும் பயனில்லை. இது காய்ச்சல் இல்லை, அந்த மருந்து கெடுதலும் செய்யலாம்.

கார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி அளவுக்குச் சூடு ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்குகிறாளே, ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். டெக்சாஸில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாகக் காரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விட்டால் சட்டப்படி குற்றமும்கூட. பார்க்கிலிருந்து திரும்பும்போது கார் சீட்டின் இரும்புக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

அப்புறம், கடும் வெயிலும் அசையாத காற்றும் சேர்ந்த மதியங்களில் மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயு காற்றில் கூடும். காற்றுத் தர எண் 100-ஐத் தாண்டி ஆரஞ்சு என்று வந்தால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை உள்ளேயே வையுங்கள்.

டேகேரில் ஏன் விடவில்லை என்று சண்டை போட வேண்டாம். கோடையில் வெளியே போகும் நேரத்தைக் காலை ஒன்பதுக்கு முன் வைக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் கேட்டால் மாற்றுவார்கள். மாற்றினால் காலையில் நீங்கள்தான் அரை மணி முன்னதாகக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும், அதற்கு வீட்டுக்காரரை இப்போதே தயார்படுத்துங்கள்.