கட்டிலைக் கழற்றினால்தான் மூட்டைப்பூச்சி ஒழியும்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் விடுமுறைக்குப் பெட்டியோடு வந்து போயிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து வீட்டில் எல்லோருக்கும் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. கொசுக்கடி என்றே நினைத்திருக்கிறார்கள். படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மூன்று பாட்டில் ஸ்பிரே அடித்தும் அடங்கவில்லை. இப்போது குடும்பமே ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறது. "எங்கம்மா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில். தூக்கிப் போட மனசு வரல. பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, கட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதனால் மூட்டைப்பூச்சி ஒழியாது, வீடுதான் தீப்பிடிக்கும். நாப்தலீன் உருண்டைக்கும் மூட்டைப்பூச்சி அஞ்சாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்தும் கூட.

உடனே மாற்ற வேண்டியது ஹாலில் படுப்பதை. மூட்டைப்பூச்சி நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் தேடி வருவது. சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அறையைக் காலி செய்தால் பட்டினியில் சாகாது, உங்களைத் தேடி ஹாலுக்கு நடந்து வரும். அப்புறம் சோபாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் கீழே சொல்லும் வேலையைப் பகலில் முடித்துவிட்டு, இரவு அதே அறையில் அதே கட்டிலில் படுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க ஒரு கூச்சம் தெரிகிறது. சுத்தமில்லாத வீட்டில்தான் இது வரும் என்பது தவறு. பெட்டியிலோ துணியிலோ ஒட்டி வரும் பூச்சி, துடைத்து மெழுகிய வீட்டிலும் குடியேறும். இது மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. அரிப்பும் தூக்கமில்லாத இரவுகளும்தான் கொடுமை. சொறிந்து புண்ணானாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பிரே ஏன் பலிக்கவில்லை? கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்களில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அதைத் தாங்கும் தன்மை மூட்டைப்பூச்சிக்கு உலகம் முழுவதும் வந்துவிட்டது. இந்தப் பூச்சிக்கு இது பழைய பழக்கம். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1947ல், ஹவாயில் அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். அதோடு, நீங்கள் மெத்தையின் மேல்பரப்பில் அடித்திருப்பீர்கள். பூச்சி அங்கே இருப்பதில்லை. ஐந்து பத்து நிமிடம் ரத்தம் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும்.

அந்த இடுக்கை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டிலின் பக்கப் பலகை தலைமாட்டில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும் அல்லவா? ஸ்பானரை எடுத்து அதைக் கழற்றுங்கள். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் அந்தக் கொக்கிக் குழிக்குள்தான் குடித்தனமே நடக்கும். தோலுரிக்காத மைசூர் பருப்பு அளவில் தட்டையான பழுப்புப் பூச்சிகள், அவை உரித்துப் போட்ட சட்டைகள், பேனா மையைத் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள், மரத்தோடு ஒட்டிய வெள்ளை முட்டைகள். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள்.

பிறகு சூடு. 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் அங்கேயே செத்துவிடும். எந்த மருந்தையும் தாங்கப் பழகிய பூச்சிக்கும் இதிலிருந்து தப்பில்லை. நம் பாட்டிமார் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றியது மிகச் சரியான வைத்தியம். தேக்கில் முழுவதும் ஊற்றினால் பாலீஷ் வெளுக்கும். கெண்டியில் பிடித்துக் குழி, திருகு ஓட்டை, பலகை இணைப்புகளில் மட்டும் விடுங்கள். நீராவிக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. முனையை ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும், அவசரப்பட்டால் சூடு உள்ளே போகாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மெத்தையை மொட்டை மாடியில் காயப் போட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். மேல்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்கம் போய்விடும், உள்ளே சூடு ஏறாது. ஓரத் தையலை நீராவியால் சுட்டு, ஜிப் வைத்த முழு உறைக்குள் மெத்தையை அடைத்துவிடுங்கள். விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் 60 டிகிரியில் துவையுங்கள். மெஷின் இல்லையென்றால், தாங்கும் துணிகளை அண்டாவில் கொதிக்க வைக்கலாம். புத்தகம், பொம்மை போன்றவற்றைப் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் நான்கு நாளுக்குக் குறையாமல் வையுங்கள். சுவரில் மாட்டிய காலண்டருக்குப் பின்புறம், பிளாஸ்டிக் நாற்காலியின் அடி, கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் இருக்கும் சுவர் வெடிப்பு எதையும் விடாதீர்கள். வெடிப்பைப் பூசி அடைத்துவிடலாம்.

கட்டிலைத் திரும்பப் பூட்டியதும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விரிப்பு தரையில் தொங்கக் கூடாது. எறும்புக்குப் பயந்து அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதையே நாலு காலுக்கும் வைத்துச் சில சொட்டுச் சோப்பு விடுங்கள். வழுவழுப்பான வெறும் கிண்ணம் போதும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். குளிர்நாட்டு இனத்துக்கு அது சரி. வெப்பநாடுகளில் இருக்கும் இனம் வழுக்கும் சுவரிலும் ஏறிவிடும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், டெங்கு கொசுவுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பலர் இதோடு நிறுத்தித் தோற்பார்கள். கண்ணுக்குத் தப்பிய முட்டைகள் ஆறு முதல் பத்து நாளில் பொரியும். குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 12ஆம் நாள் மறுபடி கட்டிலைக் கழற்றுங்கள், 24ஆம் நாள் இன்னொரு முறை.

ஆள் வைத்து மருந்தடிப்பதானால் உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, இரண்டாவது முறை எப்போது வருவீர்கள் என்று கேளுங்கள். ஒரே தடவையில் ஒழித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். டைகுளோர்வாஸ் என்ற பூச்சி மருந்து 2020 இறுதியோடு இந்தியாவில் தடையாகிவிட்டது, யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு வாசற்படி ஏற விடாதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மூடிய அறையில் நச்சு வாயு என்ன செய்யும் என்பதை அதற்குப் பிறகும் நாம் மறக்கலாகாது.

அடுத்த முறை மகள் வரும்போது பெட்டியைப் பால்கனியிலேயே திறக்கச் சொல்லுங்கள். துணி நேராகத் துவைக்கப் போகட்டும். பெட்டியின் தையலையும் சக்கர ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விடுதிக் காப்பாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அவள் கட்டிலுக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, பக்கத்து அறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தில் எட்டு வாரம் ஒரு பூச்சியும் விழாமல், புதிய கடியும் இல்லாமல் இருந்தால் வீடு மீண்டுவிட்டது என்று கொள்ளலாம். மெத்தை உறையை மட்டும் ஒரு வருடம் திறக்காதீர்கள்.