வள்ளத்துக்கு முதலில் சட்டம், பிறகுதான் இருக்கை

கேள்வி: தாத்தாவின் 16 அடி அயினி மர வள்ளத்தை (சிறு படகு) பழுதுபார்த்து வருகிறேன். ஒற்றை மரத்தில் குடைந்தது. மக்கிப்போன குறுக்குச் சட்டங்களைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. உட்கார இரண்டு பலகைகள் போட வேண்டும். எவ்வளவு உயரத்தில், எந்த ஆணியால் அடிப்பது? தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் இடம்) வரை துழாவிப் போக ஆசை. (வாசகர், குழித்துறை)

பலகை இருக்கட்டும். மூன்று மாதமாகச் சட்டமில்லாமல் கிடக்கிறது என்று படித்ததுமே எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நடுவில் குறுக்கே அளந்து பார்த்தீர்களா? குடைந்த வள்ளத்தின் இரு பக்கங்களையும் நிறுத்தி வைப்பது அந்தச் சட்டம்தான். அது போனால், மரம் காயக் காயப் பக்கங்கள் உள்ளே சாயும். சிலவற்றில் வெளியே விரியும். கழற்றிய சட்டங்களை அடுப்பில் வைத்துவிடவில்லையே? மரம் அகலவாக்கில்தான் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் வராது. ஆகவே வள்ளம் மாறியிருந்தாலும் பழைய சட்டத்தின் நீளம் மாறியிருக்காது. அதுதான் உங்கள் அளவுகோல்.

அகலம் குறைந்திருந்தால் உள்ளே ஈரச்சாக்கு விரித்து இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு குறுக்கே ஒரு கம்பு கொடுத்து, ஆப்பைத் தினமும் சிறிது சிறிதாக இறக்குங்கள். அவசரப்பட்டால் அடிமரம் பிளக்கும். அந்தச் சத்தத்தை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன், போதும்.

நடுச் சட்டத்தை முதலில் பொருத்துங்கள். பக்கங்கள் சாய்வாக இருப்பதால் முனையை நேராக அறுத்தால் ஒரு ஓரம்தான் தொடும். அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, அந்தச் சாய்வைச் சட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இருக்கை விளிம்புக்குச் சமமாக வேண்டவே வேண்டாம். உடம்பின் பாரம் மேலேற ஏற வள்ளம் உருளும். அரை அடியாவது கீழே இறக்குங்கள். உட்பக்கத்தில் தாங்குகட்டை வைத்து, பலகையை அதன்மேல் சும்மா கிடத்துங்கள். ஆற்றில் இறக்கி ஆட்களோடு உட்கார்ந்து பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் பலகையைப் பின்னே நகர்த்துங்கள். மனம் ஒப்பிய பிறகு துளையிடலாம்.

பொழிமுகத்தில் உப்புநீர் ஏறும். இரும்பாணி துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கடித்துத் தின்றுவிடும். பித்தளையும் உப்பில் நாளாக ஆகச் சத்திழக்கும். 316 ரக எவர்சில்வர் போல்ட்டும் அகலமான வாஷரும் போடுங்கள். விலை கூடுதல்தான், பரவாயில்லை. கயிற்றால் பலகை தைத்த வள்ளமாக இருந்திருந்தால் துளையே போடாமல் கட்டச் சொல்லியிருப்பேன்.

எல்லா முனைகளிலும் முந்திரிக்கொட்டை எண்ணெயை, மரம் குடிப்பதை நிறுத்தும் வரை, பூசுங்கள். இருக்கைப் பலகையின் முனைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விடுங்கள். பழைய சட்டங்களை எடுத்துப் பாருங்கள். நீர் தேங்கிய முனையிலிருந்துதான் மக்கத் தொடங்கியிருக்கும்.