வாகனம் கேள்வி பதில்: சத்தம் வேறு, குரல் வேறு

இம்முறை சொகுசுக் கார்களின் சைலன்சர் மாற்றம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.

என்னிடம் இருப்பது பி.எம்.டபிள்யூ 320ஐ, எஃப்30 வகை. 2.0 லீற்றர் டர்போ பெற்றோல் எஞ்சின். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சத்தம்தான் தையல் மெஷின் மாதிரி. காருக்கு ஏற்ற கம்பீரமான குரல் வேண்டும். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அயலும் நெருக்கம். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?
— எஸ்.ஆர்., கல்லடி

தொடக் கூடாததை முதலில் சொல்கிறோம். உங்கள் காரில் டர்போவை ஒட்டியே, புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒட்சிசன் சென்சர். இந்தப் பகுதியில் கைவைக்கவே வேண்டாம். அதற்குப் பின்னால் உள்ள சைலன்சரின் நடுப் பெட்டி, பம்பருக்குக் கீழே உள்ள பின் பெட்டி இரண்டும்தான் குரலைத் தீர்மானிப்பவை. உங்களுக்கு நாங்கள் சொல்வது: பின் பெட்டியை மட்டும் மாற்றுங்கள், நடுப் பெட்டி இருந்தபடி இருக்கட்டும்.

காரணம் இதுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 67 தடவை எரிவாயு வெளியே தள்ளப்படும். ஆறு சிலிண்டரில் அது 100. ஆறு சிலிண்டர் காரின் வழுவழுப்பான குரலை எந்தப் பெட்டி போட்டாலும் நான்கு சிலிண்டரிலிருந்து எடுக்க முடியாது. அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம். எடுக்கக் கூடியது அடித்தொண்டையிலிருந்து வரும் ஆழமான ஒலி. நடுப் பெட்டி 2500 முதல் 3500 சுற்றுக்குள் எழும் தகரக் கரகரப்பை விழுங்குகிறது. அதையும் கழற்றினால் ஆழத்தோடு கரகரப்பும் வெளியே வரும். அம்மாவை எழுப்புவதும் அயலைக் கோபப்படுத்துவதும் அந்தக் கரகரப்புத்தான்.

வேலையின் ஒழுங்கு. முதலில் காரை ஸ்கேன் செய்து பழைய பிழைக் குறிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒலியை அளக்க வேண்டும். குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகை சரிவில், வாயின் உயரத்திலேயே போனைப் பிடித்து டெசிபல் பாருங்கள். ஐட்லிங், 2000, 3000 என்று மூன்று அளவு போதும். போன் காட்டும் எண் துல்லியமானதல்ல. ஆனால் முன்னும் பின்னும் அதே போனில், அதே இடத்தில் அளந்தால் வித்தியாசம் நம்பத்தக்கது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம். உங்கள் அயலுக்கு 3, மிஞ்சினால் 4 டெசிபலோடு நிறுத்துங்கள்.

கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள பகுதி பல கார்களில் ஒரே துண்டாக வரும். அதனால் வெட்டத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் 8 முதல் 10 செ.மீ. நேராக உள்ள இடம் பார்த்து, சதுரமாக வெட்டுங்கள். அங்கே வெல்டிங் பிடிக்காமல் அகலப் பட்டைக் கிளாம்ப் போடுங்கள். கழற்றிய பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாமல் வீட்டில் வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். வேண்டியபோது ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் மாட்டவும் முடியும்.

குழாயின் விட்டம் 63 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். மூன்று அங்குலம் வேண்டாம், 2.0 லீற்றருக்கு அது வெறும் முழக்கத்தைத்தான் தரும். பொருள் 304 தரத்து ஸ்டெயின்லெஸ், தடிப்பு 1.5 மி.மீ. வளைவுகள் உள்ளே நசுங்காமல் வளைத்தவையாக இருக்க வேண்டும்.

வெல்டிங்கில்தான் நல்ல சாமான் வீணாகிறது. ஆர்கன் வாயு விட்டு ஒட்டும் டிக் வெல்டிங் மட்டும் செய்யுங்கள். 304ஐ 304உடன் ஒட்ட 308எல் கம்பி, கம்பனி இரும்புக் குழாயோடு ஒட்ட 309எல். குழாயின் இரு வாயையும் அலுமினியத் தாளால் மூடி, உள்ளேயும் ஆர்கன் விட வேண்டும். நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் போதும். உள்ளே ஆர்கன் விடாத ஒட்டை வெட்டிப் பார்த்தால், வெளியே வெள்ளிக் கோடு மாதிரி இருக்க, உள்பக்கம் கருகிய சீனிப்பாகு போலக் கறுத்துப் பொருபொருவென்று நிற்கும். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். காரில் வைத்துப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, கழற்றி எடுத்து மேசையில் முழுதாக ஒட்டச் சொல்லுங்கள். காரில் ஒட்டும்போது பற்றரியின் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும்.

இடைவெளிக் கணக்கையும் மறக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் சூட்டில் நன்றாக நீளும். இரண்டரை மீற்றர்க் குழாய் 350 பாகை சூடேறினால் ஏறத்தாழ 15 மி.மீ. நீளும். குளிர்ந்திருக்கும்போது பம்பரின் விளிம்போடு அச்சொட்டாக நின்ற முனை, கல்முனை போய் வருவதற்குள் வெளியே தள்ளி நிற்கும். வழியில் ஏதாவது தடுத்தால் கடகடக்கும். குழாய்க்கும் காரின் உடம்புக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். காரைத் தூக்கிப் பின் சில்லுகள் தொங்கும் நிலையிலும் ஒருமுறை பாருங்கள், சஸ்பென்ஷன் கை குழாயில் முட்டுகிறதா என்று. பழைய தொங்கு ரப்பர்கள் காய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். வெப்பத் தகடுகளை இடைஞ்சல் என்று கழற்றி எறிய விடாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் ஐட்லிங்கில் வைத்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா பாருங்கள். 100 கி.மீ. ஓடியபின் கிளாம்புகளை மீண்டும் இறுக்குங்கள். எஞ்சின் வலு கூடும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். பின் பெட்டி மாற்றத்தால் உங்கள் காலுக்குத் தெரியும் அளவு வலு வராது.

என் பென்ஸ் சி200 காரில் இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டு நேர்க் குழாய் போட்டேன். ரவுணுக்குள் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் 70இல் போகும்போது 1800 சுற்றில் காதை அடைக்கிற முழக்கம். பின் சீற்றில் பிள்ளைகள் தலையிடி என்கிறார்கள், கதைக்கவும் முடியவில்லை. திரும்பக் காசு செலவழிக்காமல் வழி உண்டா?
— எம்.எஃப்., காத்தான்குடி

செலவில்லாமல் வழியில்லை, குறைந்த செலவில் உண்டு. பிள்ளைகள் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த ஒலி காதால் கேட்பதை விட உடம்பால் உணர்வது. நீண்ட பயணத்தில் பெரியவர்களையும் களைக்க வைக்கும்.

1800 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினின் அடிப்படை அதிர்வு செக்கனுக்கு 60. குழாயிலிருந்து வரும் அந்த அதிர்வுக்குக் காரின் உட்கூடும் சேர்ந்து ஒத்தூதுகிறது. ரவுணுக்குள் சுற்று ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் தெரியாது. அக்சிலேற்றரில் காலை ஒரே அளவில் வைத்து ஓட்டும் இடத்தில்தான் பிடித்துக்கொள்ளும். வாழைச்சேனைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ நகர எல்லைக்கு வெளியே சட்டப்படி 70தான் உச்ச வேகம். அதாவது உங்கள் கார் அதிக நேரம் ஓடும் வேகத்திலேயே தொல்லையை வைத்துவிட்டீர்கள்.

முதலில் குழாய் எங்காவது உடம்பில் முட்டுகிறதா என்று பாருங்கள். சில வேளை அவ்வளவுதான். முட்டவில்லையென்றால் நடுப் பெட்டியைத் திருப்பிப் போடுங்கள். பழையதை விற்றிருந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்தது தேடலாம். அதே உள்விட்டமுள்ள நீளமான ரெசனேற்றர், அதாவது ஒலியடக்கும் பெட்டி, ஒன்றும் பொருந்தும்.

அதற்குப் பிறகும் முழக்கம் மிஞ்சினால் பக்கக் குழாய் வைக்கலாம். பிரதான குழாயிலிருந்து அதே விட்டத்தில் ஒரு கிளை எடுத்து, அதன் மறுமுனையை மூடிவிடுவது. வாயு அதன் வழியே போகாது. ஒலி மட்டும் உள்ளே போய், மூடியில் பட்டுத் திரும்பி, வந்த ஒலிக்கு எதிராக நின்று அதை அழிக்கும். நீளத்துக்குக் கணக்கு உண்டு. கிளைக்குள் நிற்கும் சூடான வாயுவில் ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு 400 மீற்றர் என்று எடுங்கள். அதை நான்கால் வகுத்து, வந்ததை 60ஆல் வகுத்தால் 1.67 மீற்றர். நீளம்தான், வளைத்துப் பிரதான குழாயின் பக்கத்தாலேயே கொண்டுபோகலாம்.

வாயுவின் சூடு காருக்குக் கார் வேறு என்பதால் கணக்கில் வந்த நீளத்துக்கே வெட்டி மூட வேண்டாம். 175 செ.மீ. வைத்து, உள்ளே தள்ளக்கூடிய மூடியைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். கார் நன்றாகச் சூடேறியபின் 70இல் ஓட்டிப் பார்த்து, இரண்டிரண்டு செ.மீ. ஆக உள்ளே தள்ளி, முழக்கம் அடங்கும் இடத்தில் ஒட்டுங்கள். இந்தக் கிளையைப் பம்பர் முனைக்குக் கிட்ட வைத்தால் பயனில்லை. அங்கே அழுத்தம் ஏறி இறங்குவது மிகக் குறைவு. மூடிய முனை சற்று மேல் நோக்கி இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். பக்கக் குழாய் வைத்தவர் பலர் வெளிச்சத்தம் குறையவில்லையே என்று குறைப்படுவார்கள். அது அந்த ஒரு சுற்றெல்லையின் முழக்கத்தை மட்டுமே எடுக்கும். மற்றக் குரலைத் தொடாது. அதனால்தான் அது நல்ல தீர்வு.

520டி டீசல் காரில் இந்தச் சத்தம் எடுக்கலாமா? டி.பி.எஃப். என்ற கரிப்புகை வடிகட்டியைக் குடைந்து எறிந்தால் வரும் என்கிறார்கள்.
— கே.டி., ஏறாவூர்

வராது. டி.பி.எஃப்.ஐ எடுத்தால் கிடைப்பது டீசல் கடகடப்பும் கரும்புகையும்தான். குடைந்த வெற்றுக் கூட்டோடு அழுத்தச் சென்சரையும் ஏமாற்ற வேண்டி வரும். அதற்கு எஞ்சின் புரோகிராமில் கைவைப்பார்கள். அங்கிருந்து தொல்லைக்கு முடிவில்லை. கார்க் கம்பனிகளே டீசலில் இந்தக் குரலை ஸ்பீக்கரால்தான் எடுக்கின்றன. 2012இல் வந்த அவுடி எஸ்கியூ5 டீசலில் சைலன்சரோடு சேர்த்து ஒலி எழுப்பும் கருவியே வைத்திருந்தார்கள். அவ்வாறான பெட்டிகள் தனியாகவும் விற்பனைக்கு வருகின்றன. விருப்பமென்றால் அதுதான் வழி. புகைக் குழாயில் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை.

உள்ளூரில் செய்வித்த பின் பெட்டி முதல் எட்டு மாதம் அருமையாக இருந்தது. இப்போது சத்தம் கூர்மையாகிவிட்டது, பெட்டியின் வெளிப்புறம் நீலம் பாய்ந்திருக்கிறது. ஒட்டுகளில் கசிவு இல்லை.
— ஆர்.ஜே., கல்முனை

உள்ளே வைத்த நார் பறந்துவிட்டது. நேர்த் துளைக் குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடி நார்தான் ஒலியை உறிஞ்சுகிறது. வெளித் தகட்டை வெப்பத்திலிருந்து காப்பதும் அதுவே. நீலம் பாய்ந்தது அதனால்தான். பெரும்பாலும் கட்டடச் சீலிங்குக்குப் பாவிக்கும் நாரை அடைத்திருப்பார்கள். அதில் உள்ள பிசின் எரிந்ததும் நார் பொடியாகி, துளைகள் வழியே வெளியேறிவிடும்.

பெட்டியின் ஒரு முனையை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். துளைக் குழாயின் மேல் முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதன் மேல் சைலன்சருக்கென்றே வரும் நீள இழைக் கண்ணாடி நார் அல்லது பசால்ட் நார். அளவு, ஒரு லீற்றர் இடத்துக்கு 100 முதல் 120 கிராம். உங்கள் பெட்டி 13 செ.மீ. விட்டம், 45 செ.மீ. நீளம், நடுக்குழாய் 63 மி.மீ. என்று வைத்தால், உள்ளே மிஞ்சும் இடம் ஏறத்தாழ நாலரை லீற்றர். அரைக் கிலோ நார் போதும். கூட அடைத்தால் இன்னும் அமைதியாகும் என்று நினைக்க வேண்டாம். இறுக்கமாக அடைத்த நாருக்குள் ஒலி நுழையாது, துளையில் பட்டுத் திரும்பிவிடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த நாரைத் தொடவே கூடாது.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் குழாயால் தண்ணீர் சொட்டுகிறது. புதிய சைலன்சரில் பிழையா? கடற்கரையிலிருந்து 300 மீற்றரில் வீடு.
— பி.என்., திருக்கோவில்

பிழையில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிர்ந்த குழாயில் அது சொட்டாகிறது. கூலன்ட் மட்டம் குறைந்தாலோ, இனிப்பு வாசத்தோடு வெண்புகை தொடர்ந்தாலோ மட்டும் பயப்படுங்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் கிட்ட ஓடும் காரில் அந்த நீர் காயாமல் பெட்டியிலேயே கிடக்கும். வாரத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டுங்கள். பெட்டியின் அடியில் 3 மி.மீ. வடிதுளை ஒன்று இருக்கும். கசிவு என்று நினைத்து அதை ஒட்டி அடைத்துவிடாதீர்கள். உப்புக் காற்றுக்கு இரும்புக் கிளாம்பும் நட்டும் முதலில் போகும். அவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டு, புரிகளில் சூடு தாங்கும் செப்புக் கிறீஸ் தடவுங்கள்.

சைலன்சர் மாற்றினால் புகைப் பரிசோதனையில் தோற்குமா? பொலிஸ் பிடித்தால் என்ன சொல்வது?
— வி.எஸ்., அம்பாறை

பெற்றோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் பார்ப்பது காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும். இரண்டையும் சுத்தப்படுத்துவது கொன்வேட்டர். அது நல்ல நிலையில் இருந்தால், பின் பெட்டி எதுவானாலும் அளவு மாறாது. கொன்வேட்டரை எடுத்தவருக்குச் சான்றிதழ் சிக்கலாகும். சான்றிதழ் இல்லாமல் வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்க முடியாது. கொன்வேட்டர் வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420 என்ற பிழைக் குறியோடு எஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். முன் சென்சருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் தொல்லைதான். வெளிக்காற்று உள்ளே இழுபட, பெற்றோல் போதவில்லை என்று சென்சர் தப்பாகச் சொல்ல, எஞ்சின் கூடுதலாக ஊற்றும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது படபடவென்று வெடிக்கும் புரோகிராமும் அப்படித்தான். எரியாத பெற்றோலைச் சூடான குழாய்க்குள் எரிய விடுகிறார்கள்; கொன்வேட்டரின் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும்.

பொலிசாரைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு வாகனங்களில் பொருத்திய மேலதிக சாமான்களைக் கழற்றும் நடவடிக்கை தொடங்கியது முதல் வீதியில் சோதனை கூடியிருக்கிறது. அவர்களுக்கு முதலில் கேட்பது சத்தம்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை விட கார் என்ன சொல்கிறது என்பதே முக்கியம். ஐட்லிங்கில் கம்பனிக் காருக்கும் உங்கள் காருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வைத்திருங்கள். சுவிட்சால் திறந்து மூடும் வால்வு வாங்குவதானால், மூடிய நிலையில் வாயு முழுவதும் பெட்டி வழியே போகும் அமைப்பை மட்டும் வாங்குங்கள். பெட்டிக்கு முன்னாலேயே வெறும் ஓட்டையாகத் திறக்கும் வால்வை எந்தச் சோதனையிலும் நியாயப்படுத்த முடியாது. போதனா வைத்தியசாலைக்கு முன்னால் போகும்போது வால்வு மூடியிருக்கட்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதும்.