நீகாட்டாவில் கோய் வாங்கப் போகிறவர் கவனத்துக்கு

கேள்வி: வீட்டில் 15,000 லிட்டர் குளத்தில் ஐந்து ஆண்டுகளாகக் கோய் எனும் ஜப்பானிய வண்ணக் கெண்டை மீன்களை வளர்க்கிறேன். குளத்து நீர் ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரி. அக்டோபரில் ஐந்து நாள் ஜப்பான் போய், நீகாட்டா மாகாணப் பண்ணைகளில் நேரில் பார்த்து கோஹாகு (வெள்ளையில் சிவப்பு), ஷோவா (கறுப்பில் சிவப்பும் வெள்ளையும்) வகைகளில் சில மீன்கள் வாங்க ஆசை. மீனுக்கும் அனுப்பும் செலவுக்கும் சேர்த்து 5 லட்சம் யென் ஒதுக்கியிருக்கிறேன். பண்ணையில் நேரடியாக வாங்கினால் மலிவாக இருக்குமா? சின்ன மீன்களை என்னோடு விமானத்திலேயே கொண்டுவர முடியுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். கொண்டுவர முடியாது. உயிருள்ள கோய் ஜப்பானை விட்டு வெளியேற அந்நாட்டு அதிகாரிகள் தரும் உடல்நலச் சான்றிதழ் வேண்டும். உங்கள் நாட்டுக்குள் நுழைய அங்குள்ள மீன்வளத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். இரண்டும் கையில் இருந்தாலும் மீன் சரக்காகத்தான் பறக்கும், பயணியின் பெட்டியில் அல்ல.

அந்த அனுமதியை வெறும் காகித வேலையாக நினைத்து கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் பலர். எந்தப் பண்ணையில் நீங்கள் வாங்கலாம், எதில் வாங்க முடியாது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. ஜப்பானில், கோய்களைக் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பிஸ் வைரஸ் 2003-இல் உறுதியானது. அதன் பிறகு பல நாடுகள் இந்த வைரஸுக்கும், கெண்டை மீன்களைத் தாக்கும் வசந்தகால வைரீமியா நோய்க்கும் பரிசோதனைச் சான்று கேட்கின்றன. சில நாடுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு உட்பட்டுப் பதிவான பண்ணைகளின் மீன்களை மட்டுமே ஏற்கும். மலையேறிப் போய் மனசுக்குப் பிடித்த மீனுக்குப் பணமும் கட்டிய பிறகு, அந்தப் பண்ணை பட்டியலில் இல்லை என்று தெரிந்தால் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்பே உங்கள் ஊரில் கோய் இறக்குமதி செய்யும் ஒரு டீலரைப் பிடியுங்கள். அவருக்கு ஜப்பானில் ஒரு ஏற்றுமதி முகவர் இருப்பார். நீங்கள் வாங்கும் மீனைப் பண்ணையிலிருந்து எடுத்து, தன் தொட்டியில் வைத்து, பட்டினி போட்டு, சான்றிதழ் வாங்கி, மற்றவர்களின் மீன்களோடு சேர்த்து அனுப்புவது அந்த முகவர்தான்.

நேரடியாக வாங்கினால் மலிவு என்பது நடைமுறையில் சரிவருவதில்லை. பெரும்பாலான பண்ணைகள் குடும்பத்தொழில். ஏற்றுமதி வேலையை அவர்கள் செய்வதில்லை. ஆண்டுதோறும் வரும் டீலருக்குக் கிடைக்கும் விலை, முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்பவருக்குக் கிடைக்காது. முகவரோடு போங்கள். ஆனால் மூன்று விஷயங்களை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சொல்லப்படும் விலையில் அவருடைய கமிஷன் அடங்குமா? ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரி சேர்ந்திருக்கிறதா, ஏற்றுமதி என்பதால் விலக்கு உண்டா? பணம் கட்டியபின், மீன் உங்கள் கைக்கு வருமுன் இறந்தால் நஷ்டம் யாருடையது? மூன்றாவதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். பின்னால் சண்டை வருவது அதில்தான்.

அடுத்தது காலம். நீகாட்டாவில் மீன்கள் ஜூன் வாக்கில் மலைச்சரிவிலுள்ள மண்குளங்களுக்குள் போகின்றன. செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை அவற்றை வடித்துப் பிடிக்கிறார்கள். இதற்கு இகே-அகே என்று பெயர். எல்லோரும் அக்டோபரில் ஓடுவது இதைப் பார்க்கத்தான். பார்க்கவேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவருக்கு அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோடை முழுக்க மண்குளத்தில் தின்று கொழுத்த மீன், வெளியே வரும் அன்று உடம்பிலும் தோல் மினுக்கிலும் உச்சத்தில் இருக்கும். இரண்டு வாரம் சிமெண்ட் தொட்டியில் இருந்தபின் வயிறு வடியும், கறுப்பு இடம் மாறும், வலையில் பட்ட காயம் அப்போதுதான் வெளியே தெரியும். ஒட்டுண்ணியும் இருக்கலாம். அன்று பிடித்த மீனை அன்றே வாங்காதீர்கள். அக்டோபர் முதல் வாரத்தைவிட நவம்பர் முதல் இரண்டு வாரங்களை நான் பரிந்துரைப்பேன். மீன்கள் நிலைப்பட்டிருக்கும், பண்ணைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். டிசம்பர் முதல் மலைச்சாலைகளில் பனி, போகவேண்டாம். மார்ச் கடைசி, ஏப்ரலும் நல்ல காலம். வளர்த்துப் பார்க்கலாம் என்று பண்ணை தனக்கென ஒதுக்கும் மீன் தாதேகோய். அந்த வரிசையிலிருந்து கீழிறக்கி விற்பனைக்கு விடும் மீன் தாதேஷிதா. மண்குளத்தில் எல்லா மீனுக்கும் இடம் இல்லாததால் வசந்தத்தில் தாதேஷிதா மீன்கள் விற்பனைக்கு வரும். நடுத்தரப் பட்ஜெட் உள்ளவர் தேடவேண்டியது இந்த மீன்களைத்தான்.

டோக்கியோவிலிருந்து ஜோயெட்சு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் நீகாட்டாவின் நாகாஓகா நகரம் போக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும். பண்ணைகள் ஒஜியாவைச் சுற்றியும், 2005-இல் நாகாஓகா நகரத்தோடு இணைந்த யமகோஷி மலைக் கிராமங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பனிக்கால உணவுக்காக நெல்வயல் குளங்களில் வளர்த்த கறுப்புக் கெண்டையில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறம் தோன்றியது இங்கேதான். இந்த மலைகளுக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. முகவரின் வண்டி இல்லையென்றால் கார் வாடகைக்கு எடுங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான். காரின் வழிகாட்டிக் கருவியில் முகவரிக்குப் பதில் பண்ணையின் தொலைபேசி எண்ணை இட்டாலே போதும்.

முதல் நாள் ஒஜியாவிலுள்ள நிஷிகிகோய் நோ சாதோ அருங்காட்சியகத்துக்குப் போய், முழு வளர்ச்சி பெற்ற மீன்களை ஒரு மணி நேரம் மேலிருந்து பாருங்கள். உங்கள் வீட்டுக் குளத்துக்குப் பழகிய கண்ணை அங்கே மாற்றிக்கொள்ளவேண்டும். அன்று எதையும் வாங்காதீர்கள். அடுத்த மூன்று நாள் ஒரு நாளைக்கு நான்கு பண்ணை போதும்; ஐந்தாவதில் எல்லா மீனும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். மனதில் நின்ற மீன்களைத் திரும்பப் பார்க்கக் கடைசி நாளின் முற்பகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்குள் நுழையும்போது வாசலில் கிருமிநாசினித் தட்டு இருந்தால் காலை நனைத்துவிட்டுப் போங்கள். தொட்டிநீரில் கையை விடாதீர்கள், வலையைத் தொடாதீர்கள். முந்தைய பண்ணையின் ஈரம் உங்கள் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு மீன் பிடித்திருந்தால் காட்டுங்கள். அவரே தட்டைவலையால் ஓட்டி நீலநிற வட்டத்தொட்டிக்கு மாற்றித் தருவார். வாங்கும் எண்ணம் இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை, மீனுக்கும் நல்லதல்ல.

நீலத்தொட்டியில் பார்க்கும்போது நிறக்கோலத்தைக் கடைசியாகப் பாருங்கள். வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான். முதலில் முதுகெலும்பு: மேலிருந்து பார்த்தால் தலை முதல் வால்வரை நேர்க்கோடாக இருக்கிறதா, நீந்தும்போது இருபக்கமும் ஒரே அளவு வளைகிறதா? அடுத்து வால் பிடி, அதாவது உடம்பு வாலோடு சேரும் இடம், தடித்திருக்க வேண்டும். பெரிதாக வளரும் மீனின் அடையாளம் அது. பிறகு வாய் கோணலா, செவுள்மூடி சுருண்டிருக்கிறதா, பக்கத்துடுப்புகள் சமமா, வயிறு ஒருபக்கம் மட்டும் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருபக்கப் புடைப்புள்ள பெண்மீனைத் தொடவே வேண்டாம். சினைப்பைக் கட்டியாக இருக்கலாம்.

அதன்பின் தோல். ஷிரோஜி எனப்படும் வெள்ளை, தலையிலும் உடம்பிலும் ஒரே வெண்மையாக இருக்கவேண்டும். தலை மட்டும் மஞ்சளடித்திருந்தால் கவனம். சிவப்பு எவ்வளவு கடும் சிவப்பு என்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்று பாருங்கள். செதில்களின் நடுவே வெளுப்புத் தெரிந்தால் 29 டிகிரி நீரில் அது மேலும் கரையும். சிவப்பின் முன்விளிம்பில் வெள்ளைச் செதிலின் அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிவது சஷி. இரண்டு வயது மீனில் அது ஒரு செதில் அகலத்தில் சீராக இருந்தால் இன்னும் வளர இடமுள்ள மீன். அந்த வயதிலேயே எல்லா விளிம்பும் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால், பெரும்பாலும் அது தன் அழகின் உச்சியை எட்டிவிட்டது. கோஹாகுவின் சிவப்பில் மிளகுத்தூள் போன்ற கறும்புள்ளிகளுக்கு ஷிமி என்று பெயர். விலை குறைவாகச் சொன்னால் முதலில் அதைத் தேடுங்கள்.

ஷோவா பற்றி ஒரு வார்த்தை. இளம் ஷோவாவில் கறுப்பு தோலுக்கடியில் நீலச்சாம்பலாகக் கிடக்கும். அது எங்கே எழும், எங்கே அமுங்கும் என்பதை அந்தப் பரம்பரையை வளர்த்தவரே உறுதியாகச் சொல்லத் தயங்குவார். தண்ணீரின் கடினத்தன்மையும் வெப்பமும் மாறும்போது அது இன்னும் மாறும். முதல் பயணத்தில் கோஹாகுவோடு நில்லுங்கள். ஷோவாதான் வேண்டுமென்றால் தோசாய் வேண்டாம். கறுப்பு ஓரளவு எழுந்துவிட்ட சான்சாயைப் பாருங்கள். தோசாய் என்பது அந்த ஆண்டுக் குஞ்சு, நிசாய் இரண்டாம் ஆண்டு, சான்சாய் மூன்றாம் ஆண்டு.

உங்கள் 5 லட்சத்தில் மீனுக்கு 3 லட்சத்தைத் தாண்டாதீர்கள். மிச்சம் பெட்டி, விமானக் கூலி, சான்றிதழ், வரி என்று கரையும். கூலி பெட்டிக்கணக்கில் வரும். ஒரே பெட்டியில் பல தோசாய் போகும், 60 செ.மீ. மீனுக்கு ஒன்றுக்கு ஒரு பெட்டி என்றே கணக்கிடுங்கள். எட்டு தோசாய் வாங்கி அதிர்ஷ்டத்தை நம்புவதைவிட, நல்ல உடம்புள்ள இரண்டு நிசாய் வாங்குவது மேல். ஆண்மீனா பெண்மீனா என்று கேளுங்கள்: ஒசு என்றால் ஆண், மெசு என்றால் பெண். ஒரே கோலத்துக்குப் பெண்மீன் பலமடங்கு விலை, ஏனென்றால் அதன் பருமனும் நீளமும் ஆணுக்கு வராது. உங்கள் குளத்தின் அளவுக்கு நல்ல ஆண் கோஹாகு ஒன்றும் தாழ்வில்லை. அதே பணத்தில் தோலின் தரம் ஒரு படி கூடும்.

விலை கேட்கும்போது பூஜ்யத்தில் தவறு நடக்கும். ஜப்பானியர் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுகிறார்கள். இச்சி-மான் பத்தாயிரம், ஜூ-மான் நம் ஒரு லட்சம், ஹ்யாகு-மான் பத்து லட்சம். விரலால் மூன்று காட்டினால் அது மூவாயிரமா முப்பதாயிரமா மூன்று லட்சமா என்று ஊகிக்காமல், கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேரம் பேசுவது அங்கே வழக்கமில்லை. இரண்டு மூன்று மீன்கள் எடுத்தால் முகவர் மூலம் ஒருமுறை கேட்கலாம், அதோடு நிறுத்தவும். வாங்கிய ஒவ்வொரு மீனையும் மேலிருந்து படமும் சிறு காணொளியும் எடுத்து, பண்ணைப் பெயர், நாள், நீளம், விலை எழுதிய தாளோடு இன்னொரு படம் எடுங்கள். வந்துசேர்வது அதே மீன்தான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

மீனைப் பண்ணையிலேயே விட்டு அடுத்த கோடையில் மண்குளத்தில் வளர்க்கும் ஏற்பாடு அசுகாரி. பணம் முழுதும் முன்பே கட்டவேண்டும், வளர்ப்புக் கட்டணம் தனி. நாரை கொத்தினாலும் நோய் வந்தாலும் இழப்பு வழக்கமாக வாங்கியவருடையது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு வேலை. மீன்கள் பெரும்பாலும் சாவது இந்தக் கட்டத்தில்தான். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே குறைந்தது 3,000 லிட்டர் தனிமைத் தொட்டி ஒன்றை ஃபில்டர், ஏர்பம்ப், நீரைக் குளிர்விக்கும் சில்லரோடு தயார்செய்யுங்கள். உங்கள் குளத்திலிருந்து விலை குறைந்த இரண்டு மீன்களை அதில் விட்டுத் தீனி போட்டால் ஃபில்டரில் நீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர் வளரும். அவற்றின் மேற்கோழையை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுண்ணி இல்லையென உறுதிசெய்துகொள்ளுங்கள். மீன் வரும் வாரத்துக்குள் நீரைச் சிறிது சிறிதாக 20 டிகிரிக்கு இறக்குங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும். 1,000 லிட்டருக்கு 3 கிலோ அயோடின் சேராத உப்பு போடுங்கள். மேலே வலை கட்டாயம்; புது மீன் முதல் இரவு குதிக்கும்.

பை வந்ததும் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் நீரில் மிதக்கவிடுங்கள். திறந்த பிறகு தொட்டிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குவது இங்கே ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு நீரின் பிஎச் அளவை இறக்கி, அம்மோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா செவுளைச் சுடும். ஆகவே திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைநீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. மூன்று நாள் தீனி வேண்டாம்.

நாளொன்றுக்கு ஒரு டிகிரி வீதம் 24 டிகிரிக்கு ஏற்றி, நான்கு வாரம் அங்கேயே நிறுத்துங்கள். சில்லருக்கு ஆகும் மின்செலவைப் பார்த்து 29 டிகிரியில் விட்டுவிடத் தோன்றும். ஹெர்பிஸ் வைரஸ் நோயாக வெளிப்படுவது பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரிக்குள். அதற்குமேல் மீனுக்குள் ஒளிந்திருக்கும், மீன் பளபளவென்று இருக்கும். என்றாவது மழைக்காலத்தில் உங்கள் குளம் 26 டிகிரிக்கு இறங்கினால், அந்த வாரத்தில் வைரஸ் பழைய மீன்களையும் சேர்த்துக் கொண்டுபோகும். 24 டிகிரியில் புது மீன்களும், கூட நீந்தும் உங்கள் இரண்டு மீன்களும் நான்கு வாரம் நன்றாகத் தின்று, கண் குழியாமல், செவுளில் வெண்திட்டு இல்லாமல் இருந்தால், நாளுக்கு ஒரு டிகிரியாகக் குளத்து வெப்பத்துக்கு ஏற்றி, பிறகு மாற்றுங்கள்.