ஆடு பட்டைய உரிச்ச டுரியான் இன்னும் பச்சையாதான் நிக்குது, பொழைச்சுக்குமா?

கேள்வி: சார், பினாங்கு பாலிக் பூலாவ்ல சின்னதா ஒரு கெபூன், பழத்தோட்டம், வச்சிருக்கேன். மூணு வாரத்துக்கு முந்தி ஆடு கயித்த அத்துக்கிட்டு போயி, நாலு வருசத்து மூசாங் கிங் ரக டுரியான் ஒண்ணோட அடிமரத்துல அரை சாண் உயரத்துக்கு பட்டைய சுத்திவர தின்னுருச்சு. இலையெல்லாம் பச்சையாதான் இருக்கு. அதே ஆட்டுக்கு போன மாசம் தகரம் கிழிச்சு தொடையில பெரிய காயம், அது தானா ஆறி மூடிக்கிச்சு. மரமும் அப்படி ஆறிடாதா? ஒருத்தர் தார் பூசச் சொல்றாரு, இன்னொருத்தர் வெட்டிப் போடுன்றாரு.

பதில்: வணக்கம் அண்ணே. வெட்டவும் வேணாம், தாரும் வேணாம், ஆனா இலை பச்சையா இருக்குன்னு நம்பி சும்மா மட்டும் விட்டுறாதீங்க. மொதல்ல மரத்துக்கிட்ட உக்காந்து காயத்த சுத்தி விரல வச்சு தடவிப் பாருங்க, மேல் பட்டையும் கீழ் பட்டையும் ஒண்ணா ஓடுற மாதிரி எங்கயாச்சும் ஒரு கீத்து மிச்சம் இருக்கான்னு. ரெண்டு விரல் அகலம் உயிரோட இருந்தாலும் அது பெரிய சொத்து, அத பத்திரமா பாத்துக்கிட்டா மரம் மெதுவா தேறி வரும். சுத்தமா ஒரு வளையம் போயிருந்தா நாம கை வச்சாத்தான் உண்டு.

இலை ஏன் வாடலன்னா, ஆடு தின்னது பட்டைய, உள்ள இருக்கிற கட்டைய இல்ல. வேர்ல இருந்து தண்ணிய மேல ஏத்துறது கட்டையில இருக்கிற சைலம்ங்கிற திசு, அதுல தண்ணி போற செல்லுங்க வளந்து முடிஞ்சதும் செத்துருதுங்க, வெறும் பைப்பு மாதிரி சுவரு மட்டும் நின்னு அந்த செத்த உடம்போடதான் வேலை பாக்குதுங்க. அதனால மேல தண்ணி இன்னிக்கும் போயிட்டுத்தான் இருக்கு. நின்னு போனது எறங்குற பாதை. இலை சமைக்கிற சர்க்கரைய வேருக்கு கொண்டு போறது ஃபுளோயம், அது உயிருள்ள திசு, பட்டையோட உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆடு தின்னதே அதத்தான், இனிப்பும் சத்தும் அங்கதான இருக்கு. இப்ப வேரு சேத்து வச்ச மாவுச்சத்த எடுத்து தின்னுக்கிட்டு இருக்கு, அது தீந்த பிறகு வேர்முடி சாகும், அப்புறம்தான் மேல வாடும். இதுக்கு சில மாசம் ஆகலாம், நீங்க பாத்து பதறுற நேரத்துல கீழ ஒண்ணும் மிச்சம் இருக்காது.

ஜம்பு மரத்துக்கு பதியம் போட்டிருப்பீங்களே, அதுவும் இதே வேலைதான். கிளையில ஒரு வளையம் பட்டைய எடுத்து, வழுவழுப்ப சொரண்டி, ஈர மண்ண வச்சு கட்டுறோம், வேரு மேல் விளிம்புலதான் விடும், ஏன்னா எறங்கி வந்த சர்க்கரையும் வேர் விட வைக்கிற ஹார்மோனும் அங்க வந்து தேங்குது. உங்க டுரியான்லயும் கொஞ்ச நாள்ல மேல் விளிம்பு தடிச்சு உருளையா வீங்கும் பாருங்க. இத்தாலியில மால்பீகின்னு ஒரு டாக்டர் 1600கள்லயே மரத்துக்கு இப்படி வளையம் எடுத்து அந்த வீக்கத்த பாத்து எழுதி வச்சிருக்காரு, 1661ல தவளை நுரையீரல்ல தந்துகி ரத்தக் குழாய கண்டு சொன்னதும் அவருதான்.

இப்ப ஆடு மேட்டருக்கு வர்றேன், உங்க கேள்வியில எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். ஆட்டோட தோல் செல்லு நகரும் அண்ணே. காயத்தோட ஓரத்துல இருக்கிற எபிதீலிய செல்லுங்க பெருகி நடுவ நோக்கி ஊர்ந்து போகும், அடியில இணைப்புத் திசுவுல நாரு செல்லுங்க கொலாஜன் போட்டு நிரப்பும், புது ரத்தக் குழாய் ஓடி வரும், காயம் செவசெவன்னு மணல் மணலா தெரிஞ்சிருக்குமே அது இதுதான். கூடவே சுத்தி இருக்கிற தளந்த தோல உள்ள இழுத்து காயத்த சின்னதாக்கும். தொடைய தடவிப் பாருங்க, நடுவுல ஒரு கோடு முடியே இல்லாம வழவழன்னு இருக்கும், அது தழும்பு, சுத்தி தெரியற முடி பழைய தோலோடது.

மரத்து செல்லுக்கு அந்த வசதி இல்ல. ஒவ்வொண்ணும் செல்லுலோஸ் சுவருக்குள்ள அடைஞ்சு கெடக்கு, ஊர்ந்து போக முடியாது. கெட்டுப்போன இடத்த மரம் புதுசாக்கவும் செய்யாது, அத அப்படியே அடைச்சு ஒதுக்கி வச்சிட்டு அதுக்கு மேல புது கட்டைய வளக்கும். அமெரிக்காவுல ஷீகோன்னு ஒரு மர நிபுணர் நெறைய மரத்த நெடுக்க அறுத்துப் பாத்து 1977ல இத தெளிவா எழுதுனாரு. புதுசா வளக்குறது யாருன்னா கேம்பியம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல சில செல் தடிமன்ல இருக்கிற ஆக்குத்திசு, உள்பக்கம் சைலம் போடும், வெளிப்பக்கம் ஃபுளோயம் போடும். பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுன குடும்பத்துல வந்தவங்களுக்கு இத சொல்லித்தர வேண்டியதில்ல. பால் குழாய் இருக்கிறது கேம்பியத்துக்கு வெளிய இருக்கிற பட்டையில, அத மெல்லிசா சீவி எடுக்கணும், கத்தி கட்டைய தொட்டா மரத்துல காயம், அந்த இடத்துல புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வரும், மறு வெட்டுக்கு ஆகாது, தோட்டத்துல வேலைய மேற்பாக்குற மண்டோர் சத்தம் போட்டதெல்லாம் இதுக்குத்தான். கேம்பியம் தப்பிச்ச இடத்துலதான் பட்டை நேரா திரும்பி வந்துச்சு. தென்னைக்கு கேம்பியமே கிடையாது, அதான் கள்ளு எறக்குறவங்க ஏற வெட்டுன படி மரம் இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கு.

ஆடு கடிச்ச அன்னிக்கே ஈரம் காயாம பிளாஸ்டிக் சுத்தியிருந்தா கட்டை மேல மிச்சம் இருந்த செல்லுல இருந்து பட்டை மறுபடி கட்ட வாய்ப்பு இருந்துச்சு. மூணு வாரம் வெயில்ல காஞ்சதுக்கு அப்புறம் அந்த வழி இல்ல. தார், கறுப்பு எண்ணெய் எதுவும் பூசாதீங்க, ஓரத்துல உயிரோட இருக்கிற கேம்பியத்தயும் கொன்னுடும், அழுகலையும் நிறுத்தாது. விளிம்புல பிசிறா தொங்குற செத்த பட்டைய மட்டும் கூரான கத்தியால நல்ல பட்டை வரைக்கும் சீவுங்க. டுரியானுக்கு ஃபைட்டோஃப்தோராங்கிற கிருமியால வர்ற பட்டை அழுகல் பெரிய எதிரி, காயம்னா அதுக்கு கதவு தொறந்த மாதிரி, அதனால காப்பர் மருந்த கொழகொழன்னு கலந்து காஞ்ச கட்டை மேல தடவுங்க. இன்னொண்ணு, சில பேரு அழுகலுக்கு பாஸ்போனேட் ஊசி போடுவாங்க, நல்ல மருந்துதான், ஆனா அது வேருக்கு எறங்குறது ஃபுளோயம் வழியா, வளையத்துக்கு மேல போட்டா வேருக்கு போய் சேராது.

முழு வளையம் போயிருந்தா நான் செய்யச் சொல்றது இதுதான்: கம்போங் டுரியான் கன்னு, அதான் ஒட்டு போடாத நாட்டு டுரியான், பென்சில் தடிமன்ல, மூணு வாங்கி அடிமரத்த ஒட்டி சுத்தி நடுங்க. காயத்துக்கு மேல நல்ல பட்டையில தலைகீழா டி எழுத்து மாதிரி கீறி, கன்னோட தலைய சாய்வா சீவி அந்த கீறலுக்குள்ள கீழ இருந்து மேல செருகி ஒட்டு நாடாவால இறுக்கி கட்டுங்க. கன்னோட கேம்பியமும் மரத்தோட கேம்பியமும் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் ஒட்டும், வெறும் கட்டைய கட்டையோட வச்சு கட்டுனா எத்தன மாசம் ஆனாலும் ஒட்டாது. கீறும்போது பட்டை வழுக்கிக்கிட்டு கழண்டு வரணும், வரலன்னா நல்லா தண்ணி விட்டு மழை வர்ற வாரம் பாத்து செய்ங்க. பிடிச்சிருச்சுன்னா இலையில இருந்து எறங்குற சர்க்கரை இந்த கன்னுங்க வேருக்கு போகும், அதுங்க தடிச்சு மரத்துக்கு புது காலா நிக்கும். இந்தோனேசியாவுல மூணு கால் டுரியான்னு வேணும்னே இப்படி வளக்குறாங்க. அது வரைக்கும் பூ விட்டா கிள்ளிப் போடுங்க, கடும் உரம் வேணாம், ஜனவரி பிப்ரவரி வறட்சியில அடிய காய விடாதீங்க.

கடைசியா ஒண்ணு மறக்காம பாருங்க, ஒட்டு போட்ட கணு, அதாவது கம்போங் அடிமரத்தோட மூசாங் கிங்க சேத்த இடம், காயத்துக்கு மேல இருக்கா கீழ இருக்கா. கணு கீழ இருந்து, கணுவுக்கும் காயத்துக்கும் நடுவுல துளிர் வந்தா அது மூசாங் கிங்தான், கிள்ளாம வளரவிடுங்க, மேல் மரம் போனாலும் அது மரமாயிரும். கணுவுக்கு கீழ வந்தா அது கம்போங் துளிர், அதயும் விட்டு வைங்க, பென்சில் தடிமன் ஆனதும் மறுபடி ஒட்டு கட்டிக்கலாம். மத்த மரத்துக்கெல்லாம் இந்த வாரமே இடுப்பு உயரத்துக்கு கம்பி வலை சுத்திடுங்க, பட்டையோட ருசி கண்ட ஆடு திரும்ப வரும்.