எல்லா முடிவும் என்னிடமே வருகிறது, மேலாளர் வைக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஊழியர்கள் ஒன்பது பேரும் சின்ன விஷயத்துக்குக்கூட உங்களிடமே வந்து நிற்கிறார்கள், சொந்த வேலை இரவுக்குத் தள்ளிப்போகிறது என்கிறீர்கள். இந்த நிலையில் மேலாளர் வந்தால், அதே கேள்விகள் அவர் வழியாகச் சுற்றி உங்களிடமே வரும்.

வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். எவ்வளவு தள்ளுபடி தரலாம், எந்தத் தொகை வரை கேட்காமல் வாங்கலாம் என்று தெரியாதவர் கேட்கத்தான் செய்வார். அது சோம்பல் இல்லை, பயம்.

1. ஒரு வாரம், யார் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியில் குறியுங்கள்.

2. மூன்று முறை ஒரே பதில் சொல்லியிருந்தால், அதை விதியாக எழுதி, பக்கத்தில் இனி அதை முடிவு செய்யப்போகும் ஒரே ஒரு ஆளின் பெயரைப் போடுங்கள். இருவர் பெயர் போட்டால் அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் புதிது புதிதாக இருந்தால் நான் சொன்னது தவறு, உங்களுக்கு மேலாளர் தேவைதான்.

தொடக்கத்தில் சில முடிவுகள் தப்பாகும். உரிமையைப் பிடுங்காதீர்கள், எல்லையை மட்டும் குறையுங்கள். ஆனால் பணம் அனுப்புவதையும் அதைக் கணக்கில் எழுதுவதையும் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் ஒரே ஆளிடம் விடாதீர்கள்.