ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை நிறுத்தலாமா?

அன்புள்ள அக்கா,

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு இரைப்பை பைபாஸ் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. 23 கிலோ குறைந்திருக்கிறது, அதில் சந்தோஷம்தான். சிக்கல் மாத்திரையில். மல்டிவிட்டமின், கால்சியம், இரும்பு, டி3, பி12 என்று ஐந்து. தைராய்டு மாத்திரை பல வருடமாக உண்டு. எதை எப்போது போடுவது என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாயாக விழுங்கிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் குமட்டல். அதனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விட்டும் விடுகிறேன். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். அப்படியானால் குறைத்துக்கொள்ளலாமா? சாப்பாடு சீரானதும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தோழி பயோட்டின் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மாத்திரைக்குப் பதில் மிட்டாய் மாதிரி வரும் கம்மி விட்டமின் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

வீட்டில் சொல்வதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த முடியாது. எடை குறைந்து ஓரிடத்தில் நின்ற பிறகும் முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் இன்னும் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். நீங்கள் சாப்பிடுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமலே போகிறது. இரும்பும் கால்சியமும் நன்றாக உறிஞ்சப்படும் இடம் அதுதான். பி12 உடலில் சேர இரைப்பையின் அமிலமும், அங்கே சுரக்கும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதமும் வேண்டும். அவற்றோடு உணவு கலப்பதும் இப்போது குறைந்துவிட்டது. சாப்பாடு எவ்வளவு சீரானாலும் அது போகும் வழி இனி இதுதான். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை செய்துகொண்டவர்களுக்குக் குடலில் கை வைப்பதில்லை, ஆனாலும் இரைப்பையின் பெரும்பகுதி போய்விடுவதால் அவர்களுக்கும் மாத்திரை ஆயுள் முழுக்கத்தான்.

சரி, ரிப்போர்ட் நார்மல் என்கிறீர்களே. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்றாம் மாத ரிப்போர்ட் பெரும்பாலும் பழைய கையிருப்பைத்தான் காட்டுகிறது. பி12-ஐ ஈரல் வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். இன்று நிறுத்தினால் இரண்டு மூன்று வருடம் கழித்துக்கூடப் பாதம் மரத்துப்போகலாம், நடை தடுமாறலாம். அதற்குள் நரம்பு கெட்டிருந்தால் முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது. கால்சியம் இன்னும் மோசம். ரத்தத்தில் அதன் அளவு குறையவே உடல் விடாது, எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும். ஆகவே ‘கால்சியம் நார்மல்’ என்ற வரியை மட்டும் வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பாராதைராய்டு ஹார்மோன், அதாவது பிடிஹெச், கூடவே விட்டமின் டி, இந்த இரண்டையும் பார்த்தால்தான் எலும்பு கரைகிறதா என்று ஓரளவு தெரியும். இரும்பும் இதே கதை. ஹீமோகுளோபின் விழுவதற்கு வெகு முன்னாலேயே, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் வழக்கமான கணக்கு.

இதற்கெல்லாம் நேர்மாறானது ஒன்று இருக்கிறது, தயமின் என்கிற பி1. உடலில் அதன் இருப்பே 25, 30 மில்லிகிராம்தான். உள்ளே போவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். உங்கள் பட்டியலில் அதற்கென்று தனி மாத்திரை இல்லை, மல்டிவிட்டமினில்தான் இருக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மில்லிகிராம் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். 50 இருந்தால் நல்லது என்கிறார்கள். குமட்டல் சரி, ஆனால் தொடர்ந்து வாந்தி வந்து இரண்டு மூன்று நாள் எதுவும் தங்காமல் போனால் ‘தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்காதீர்கள். கூடவே பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாட்டம், பேச்சிலோ நினைவிலோ குழப்பம் என்று ஏதாவது வந்தால் அது அவசர நிலை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பாக இருக்கலாம். அங்கே குளுக்கோஸ் ஏற்றப் போனால் பைபாஸ் செய்ததைச் சொல்லுங்கள், தயமின் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். தயமின் இல்லாத உடலில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும். கூட இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் பேசப் போவது அவர்கள்தான்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த இடம். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் இரும்பையும் ஒரே வாயில் விழுங்குகிறீர்கள். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்குள் சேர விடாது. குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான்கு மாதமாகத் தைராய்டு மாத்திரை பாதிதான் வேலை செய்திருக்கலாம். முடி கொட்டுவதும் ஓரளவு இதனால் இருக்கலாம். இப்போது பிரித்துச் சாப்பிடத் தொடங்கினால் அதே டோஸ் அதிகமாகப் போகவும் வாய்ப்பு உண்டு, எடை வேறு குறைந்திருக்கிறது. ஆகவே டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள்.

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்றும் தடுக்கும். இவற்றுக்கு இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும். கால்சியத்தை ஒரே வேளையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் மிச்சம் வீண். உங்களுக்கோ நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1200-லிருந்து 1500 வரை தேவை. ஆகவே மாத்திரை எத்தனை என்பதை மறந்துவிட்டு, கால்சியத்தை எங்கெங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில் உட்காரும்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இப்படி வைப்பேன். எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையும் தண்ணீரும் மட்டும். பத்தரை மணி வாக்கில் முதல் கால்சியம். மதியச் சாப்பாட்டோடு மல்டிவிட்டமின், டி3, பி12. டி3 கொழுப்பில் கரைவது, சாப்பாட்டோடு போனால் நல்லது. மல்டிவிட்டமினில் இரும்பும் துத்தநாகமும் இருந்தால் வெறும் வயிற்றில் குமட்டலாம், அதை மதியத்துக்குத் தள்ளினாலே உங்கள் காலைத் தொல்லை குறையலாம். நாலரைக்கு இரண்டாவது கால்சியம். மூன்றாவது தேவைப்பட்டால் ஏழரைக்கு. இரவு பத்து மணிக்கு இரும்பு. போட்டதும் படுக்காதீர்கள், அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். கூடவே விட்டமின் சி எடுத்தால் இரும்பு கொஞ்சம் நன்றாகச் சேரும். டீ, காபி, பால் மூன்றும் அதற்குப் பக்கத்தில் வரக் கூடாது.

அலாரத்தை நம்பாதீர்கள். முதல் மாதம் எழுந்து போவோம், அடுத்த மாதம் கை தானாக அணைத்துவிடும். தினமும் எப்படியும் செய்கிற காரியத்தோடு மாத்திரையைக் கட்டிவிடுவதுதான் நிற்கும். மதியத்து மாத்திரை தட்டு வைக்கும் இடத்தில், இரும்பு இரவில் பல் துலக்கும் இடத்தில். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரும்பையும் இரும்பு உள்ள மல்டிவிட்டமினையும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், சின்னக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தான விஷம். வாரத்துக்கு ஒருமுறை அறை பிரித்த மாத்திரைப் பெட்டியை நிரப்பி வைத்தால் போட்டேனா இல்லையா என்ற குழப்பமும் இருக்காது. ஒரு வேளை கால்சியம் விட்டுப்போனால் போகட்டும், அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

அடுத்தது அட்டை படிப்பது. இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். கால்சியம் சிட்ரேட் 1000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் சுமார் 210 மில்லிகிராம்தான். மிச்சம் சிட்ரேட்டின் எடை. ஃபெரஸ் சல்ஃபேட் 325 என்றால் இரும்பு 65. ‘எலிமென்டல்’ என்ற சொல்லுக்கு எதிரே இருக்கும் எண்ணைத்தான் நம் கணக்கில் எடுக்க வேண்டும். மாதவிலக்கு வரும் பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இரும்பு, மல்டிவிட்டமினில் உள்ளதையும் சேர்த்து, நாளைக்கு 45-லிருந்து 60 வரை. கால்சியத்தில் கார்பனேட்டா சிட்ரேட்டா என்று பாருங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். உங்கள் சின்னப் பையில் அமிலம் குறைவு, புண் வராமலிருக்க அமிலம் குறைக்கும் மாத்திரையும் கொடுத்திருந்தால் இன்னும் குறைவு. சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘மெதுவாகக் கரையும்’ வகை இரும்பு வேண்டாம், கரையத் தொடங்குவதற்குள் உறிஞ்சும் இடத்தைத் தாண்டியிருக்கும்.

பி12 அட்டையில் 1000 மைக்ரோகிராம் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். சாதாரணமாக நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்பது உண்மைதான். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலும் பி12 நூற்றில் ஒரு பங்கு போலத் தானாகக் கசிந்து உள்ளே போகும், அந்தக் கசிவை நம்பித்தான் அவ்வளவு பெரிய டோஸ். மாத்திரை ஒத்துவராவிட்டால் மாதம் ஓர் ஊசி போதும். டி3 ஒரு நாளைக்கு 3000 யூனிட்டில் தொடங்கி, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 நானோகிராமைத் தாண்டும் வரை கொடுப்பது வழக்கம்.

முடி விஷயம். வேகமாக எடை குறையும்போது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது சகஜம். வேர் சாகவில்லை, திரும்ப வளரும். உண்மையான பயோட்டின் குறைபாடு அபூர்வம். கூந்தலுக்கென்று விற்கிற பெரிய டோஸ் பயோட்டினோ ரத்தப் பரிசோதனையைக் குழப்பும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. தைராய்டு ஹார்மோன் ஏறாமலே ஏறியதுபோலக் காட்டும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் பரிசோதனையில் இருப்பதைக் குறைத்துக் காட்டிவிடும். இப்போதுதான் டிஎஸ்ஹெச் சரிபார்க்கச் சொன்னேன், அதற்கு நடுவில் இது வேண்டாம். தோழிக்கு நன்றி சொல்லி எடுத்து வைத்துவிடுங்கள். புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு அப்புறமும் கொட்டினால் ஃபெரிட்டின், துத்தநாகம், தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். துத்தநாகத்தை நீங்களாகவே அள்ளிப் போடாதீர்கள், அது ஏறினால் தாமிரம் இறங்கும், தாமிரக் குறைவு பி12 குறைவு மாதிரியே நரம்பைக் கெடுக்கும்.

மிட்டாய் மாதிரி வரும் ‘கம்மி’ விட்டமின் போதாது. பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது, தாதுக்களும் பேருக்குத்தான். விழுங்கக் கஷ்டம் என்றால் மென்று சாப்பிடும் மாத்திரைகள் இந்த அறுவை சிகிச்சைக்கென்றே வருகின்றன, அதைக் கேளுங்கள்.

நான் உணவியலாளர், டாக்டர் இல்லை. மேலே உள்ள அளவுகள் பொதுவாக மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைப்பவை, உங்கள் ரத்தத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியது உங்கள் டாக்டர். அடுத்த முறை போகும்போது மாத்திரைப் பெட்டிகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள், அட்டையைப் பார்த்துப் பேசுவது எளிது. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்று ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள், ஃபோலிக் அமிலத்தைக் கூட்டுவார்கள், மல்டிவிட்டமினில் விட்டமின் ஏ எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

அன்புடன்.